யாருக்குப் போச்சு அந்த மெயில்?

மெயில் அனுப்புகிற வேலையில் கஷ்டமே மெயில் எழுதுவதுதான் என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் ஒரு மெயிலைக்கூடத் தப்பான ஆட்களுக்கு அனுப்பிப் பார்க்காத பாக்கியசாலி என்று புரிந்துகொள்ளுங்கள். எழுதுவது சுலபம். அனுப்புவது அதைவிடச் சுலபம். அது போய்ச் சேர்ந்த பிறகு ஆபீஸுக்கு ஒரு போன் வரும் பாருங்கள், அதுதான் கஷ்டம்.

நான் பெரம்பலூரில் ஒரு உழவர் கம்பெனியின் ஆபீஸில் இருக்கிறேன். விவசாயிகளே பங்கு போட்டு ஆரம்பித்த கம்பெனி. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், அரியலூர்ப் பக்கம் முந்திரி என்று வாங்கித் தரம் பிரித்து மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கே, மெயில் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறது. அதில் காலை வணக்கம் சொல்கிற ரோஜாப்பூக்களை ஒதுக்கிக் கூட்ட அறிவிப்பைக் கண்டுபிடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும். அதனால் முக்கியமானதெல்லாம் மெயிலில்தான் என்று எங்கள் தலைவர் கலியபெருமாள் ஐயா முடிவு செய்துவிட்டார்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு முகவரி, வியாபாரிகளுக்கு ஒன்று, ஊர் ஊராக இருக்கும் எங்கள் பொறுப்பாளர்களுக்கு ஒன்று. அந்த ஒரு முகவரிக்குப் போட்டால் அதிலுள்ள அத்தனை பேருக்கும் போய்விடும். இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனி. வெளியூர் வியாபாரியானாலும் எந்த மாவட்டத்துச் சரக்கை வாங்குகிறாரோ அந்த மாவட்டத்துப் பெயரில் இருப்பார். எல்லா முகவரியும் அரியலூர் என்றோ பெரம்பலூர் என்றோதான் ஆரம்பிக்கும். முதல் சில எழுத்தை அடித்தாலே போதும், மீதியை போனே எடுத்துக் கொடுத்துவிடும். இதே வேலையில் இருப்பவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காக மேலே சொல்கிறேன்.

முன்வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை

நான் சேர்ந்த புதிதில் கூட்ட அறிவிப்பைத் தலைவரே தன் போனிலிருந்து அனுப்பிவிடுவார், குழுவில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுவார். அந்த முறை அரியலூரில் நிர்வாகக் குழுக் கூட்டம். முந்திரிப் பருப்பை எந்த விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு வருஷமாக வியாபாரிகள் பேரம் பேசிப் பேசியே எங்களைக் கரைத்திருந்தார்கள். இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று தலைவர் எனக்கு மூன்று முறை போனில் சொன்னார். கூட்டம் ஆரம்பித்தபோது முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். ஜெயங்கொண்டம் ஆள் என்று பெரம்பலூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பெரம்பலூர் ஆள் என்று ஜெயங்கொண்டத்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் புதுசு, எனக்கு எல்லோருமே புதியவர்கள்.

தலைவர் எழுந்து நின்று, இதுதான் அடிமட்ட விலை, இதற்குக் கீழே ஒரு பைசா இறங்கக் கூடாது என்று கணீரென்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளைச் சட்டையும் தட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் தலைவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா எந்த ஊருப் பொறுப்பாளருங்க?" என்று விசாரித்தார். அவர் ரசத்தை நிறுத்திவிட்டு, தான் திருச்சியில் முந்திரி மொத்த வியாபாரம் செய்வதாகவும், கூட்டத்துக்கு வரச் சொல்லி மெயில் வந்ததால் பஸ் பிடித்து வந்ததாகவும் சொன்னார். தலைவர் போனை எடுத்துப் பார்த்தார். அரியலூர் நிர்வாகக் குழு என்று இருக்க வேண்டிய இடத்தில் அரியலூர் வியாபாரிகள் என்று இருந்தது. அந்தத் திருச்சிக்காரர் இலையை மடித்துவிட்டுச் சொன்னார்: "கொறைஞ்ச விலை என்னன்னு நீங்களே மேடையில சொல்லிட்டீங்க தலைவரே. இனிமே நான் பேரம் பேசுனா மரியாதையா இருக்காது, அந்த விலைக்கே போட்டுக் குடுத்துடுங்க."

நனைந்த மூட்டை

வரதராஜன்பேட்டையில் இருக்கும் எங்கள் முந்திரி குடோனைப் பார்த்துக்கொள்பவர் ஆரோக்கியசாமி அண்ணன். அதிகம் பேச மாட்டார். மெயிலும் எப்போதாவதுதான் எழுதுவார். ஒரு மழையில் குடோனின் தகரக் கூரை ஒழுகிக் கொஞ்சம் மூட்டைகள் நனைந்துவிட்டன. லாரி கிளம்ப வேண்டிய நேரம். நனைந்ததையும் லேசாக உலர்த்திச் சேர்த்து அனுப்பிவிடச் சொல்லித் தலைவர் போனில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "நாளை சரக்கு கிளம்புகிறது" என்று வியாபாரிகள் குழுவுக்கு ஒரு மெயிலும் போட்டார். குடோனுக்கும் அதில் ஒரு நகல் போனது. ஆரோக்கியசாமி அண்ணன் அந்த மெயிலுக்கே பதில் அடித்தார். பதில் தலைவருக்கு மட்டும் போகும் என்று நினைத்தார். அது குழு முழுவதற்கும் போனது.

அதில் இருந்தது இதுதான்: "தலைவர் ஐயா, நனைஞ்ச மூட்டைய நல்ல மூட்டையோட சேத்து அனுப்பச் சொன்னீங்க. நான் அனுப்ப மாட்டேன். ஒரு மூட்டையில ஈரம் இருந்தாலும் லாரி முழுக்கப் பூசணம் புடிச்சிடும். நனைஞ்சதத் தனியா ஒதுக்கிட்டேன். கோவம்னா நேர்ல வந்து திட்டுங்க." கால் மணி நேரத்தில் ஆபீஸ் போன் அலற ஆரம்பித்தது. இரண்டு பேர் ஆர்டரே வேண்டாம் என்றார்கள். ஒருவர் போன வருஷச் சரக்கில் எத்தனை ஈர மூட்டை இருந்தது என்று கேட்டார். தலைவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக்கொண்டிருந்தார். "அனுப்புனத திரும்ப எடுக்க முடியாதா தமிழரசி?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த லாரிச் சரக்கு நூற்றுக்கணக்கான வீட்டு முந்திரி.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு அம்மா காரில் நேராக வரதராஜன்பேட்டைக்கே வந்து இறங்கினார். பெரிய அளவில் இனிப்பு செய்து விற்பவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். நானும் தலைவரும் அடித்துப் பிடித்துப் பெரம்பலூரிலிருந்து போய்ச் சேர்ந்தோம். அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமி அண்ணனை மூட்டை மூட்டையாகப் பிரிக்கச் சொல்லிக் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து பருப்பை எடுத்து மோந்தார், கடித்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்துப் பார்த்தார். ஒதுக்கி வைத்த மூட்டைகளையும் பார்த்தார். "நான் சொன்னது தப்புதாங்கம்மா" என்று தலைவர் தானாகவே சொன்னார். அந்த அம்மா தன் ஆர்டரோடு வேண்டாம் என்று விலகிய இரண்டு பேருடைய சரக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். எனக்குக் குடோன் வாசலில் குதிக்கலாம் போல இருந்தது. காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே உங்க தலைவர் எனக்குப் போடற மெயில் வேணாம்மா. இந்தத் தம்பி தலைவருக்குப் போடற மெயில் எல்லாத்துலயும் எனக்கு ஒரு நகல் போட்டுடுங்க."

இறங்க வேண்டிய இடம்

எப்போதும் அப்படி ஒரு நல்ல மனுஷி காரில் வந்து இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏதாவது செய்தாக வேண்டும். முகவரிகளை அச்சடித்து மேஜையில் ஒட்டினேன், யாரும் பார்க்கவில்லை. அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள் என்று சொன்னேன், இரண்டு தடவை பார்த்துத் தப்பாக அனுப்பினார்கள். அப்படியே ஒருநாள் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். என் மகள் படிக்கிற ஸ்கூலில் வேன் நேரம் மாறியது பற்றிக் கேட்பதற்காக ஸ்கூல் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து, "எங்களுக்கு எழுத" என்ற இடத்தைத் தொட்டேன். புது மெயில் ஒன்று திறந்தது. முகவரி ஏற்கெனவே இருந்தது. தலைப்பும் இருந்தது. "மதிப்பிற்குரிய அலுவலகத்துக்கு" என்று முதல் வரிகூட இருந்தது. நான் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.

சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டேன். ஒரு பட்டனுக்குப் பின்னால் முகவரியை வைத்துவிட முடியும். அப்படியானால் எங்கள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பட்டன். தலைவர் எழுத்தே அடிக்க வேண்டாம், யாருக்கு என்று பார்த்து அமுக்கினால் போதும். கைப்பையில் வேறு தாள் இல்லை, டிக்கெட்டின் பின்பக்கத்தில் பட்டன்களுக்குப் பெயர் எழுத ஆரம்பித்தேன். இடம் பத்தவில்லை, உள்ளங்கையில் எழுதினேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டே வந்து எல்லோரும் இறங்கியாயிற்று, போனில் அப்படி என்ன நல்ல சேதி என்று கேட்டார். இருந்த சந்தோஷத்தில் அவரிடமே எல்லாவற்றையும் கொட்டினேன். அமுக்கினால் போதும், போக வேண்டிய ஆளுக்குத் தானாகப் போய்விடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கும் அப்புடி ஒண்ணு செஞ்சு குடும்மா. டிக்கெட்டக் கிழிச்சதும் ஆளு அவங்கவங்க ஊர்ல தானா எறங்கிடணும்."

மந்திரவாதி எழுத்து

ஆபீஸுக்கு வந்து இரண்டு நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. ஒரே பக்கம், அதில் பெரிய பெரிய பட்டன். அரியலூர் வியாபாரிகள், பெரம்பலூர் வியாபாரிகள், நிர்வாகக் குழு, பொறுப்பாளர்கள். வியாபாரிகளுக்கு ஒரு நிறம், நம் ஆட்களுக்கு வேறு நிறம். முதல் பட்டனை அமுக்கினேன். முகவரி சரியாக வந்து உட்கார்ந்தது. ஆனால் தமிழில் எழுதிய தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து ஒரு முழ நீளத்துக்கு மந்திரவாதி எழுதின மாதிரி நின்றது.

பட்டனுக்குப் பின்னால் தமிழை அப்படியே வைக்காமல் கம்ப்யூட்டருக்குப் புரிகிற குறியாக மாற்றி வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மாற்றித்தான் வைத்தேன். பிறகுதான் புரிந்தது, நான் மாற்றியதை நான் பயன்படுத்திய கருவியும் ஒருமுறை மாற்றிவிட்டது. ஒரு மாற்றத்தை எடுத்தேன். பட்டனை அமுக்கினேன். "அரியலூர் வியாபாரிகள் கவனத்துக்கு" என்று பளிச்சென்று தமிழ் வந்து நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கணக்குப் பார்க்கும் லதா அக்கா என்ன ஏது என்று ஓடி வந்து திரையைப் பார்த்தார். ஒரு வரி தமிழ், அவ்வளவுதான். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதத்தான நாம தெனமும் டைப் அடிக்கிறோம், இதுக்கா ரெண்டு நாளா டீ குடிக்கக்கூட வரல?"

தலைவர் வைத்த பரீட்சை

தலைவருக்குப் பட்டன் பிடிக்கவில்லை. "நான் அழிச்சிட்டு வேற அட்ரஸ் அடிச்சா உன் பட்டன் என்ன பண்ணும்?" என்று கேட்டார். என் எதிரிலேயே அழித்தும் காட்டினார். அவர் சொன்னது நியாயம்தான். யாராலும் கையைப் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் முகவரியோடு நிறுத்தாமல் மெயிலின் முதல் வரியிலேயே இது யாருக்கு என்று எழுதி வைத்திருந்தேன். வியாபாரிகளுக்கான மெயிலில் "வியாபாரிகள் கவனத்துக்கு" என்று இருக்கும். அதற்குக் கீழேதான் எழுத வேண்டும். எழுதும்போதெல்லாம் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இதைச் சொன்னபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் டீக்கடையிலிருந்து போன். வழக்கம்போல் உள்விவகாரம் ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறார், பட்டனும் தப்பாக அமுக்கியிருக்கிறார். அனுப்புகிற இடத்தில் விரல் வைத்தபோது அந்த முதல் வரியைப் பார்த்திருக்கிறார். குரல் தணிந்து சொன்னார்: "கையி அப்படியே நின்னுடுச்சு தமிழரசி. ஏம்மா, எம் பொண்டாட்டி வாசல்ல நின்னு 'யாரப் பாக்கப் போறீங்க'ன்னு கேக்கற மாதிரியே எழுதி வெச்சிருக்க."

ராமாயி

பட்டன் வைத்த பெருமையில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல் போய்விட்டது என்று வையுங்கள். பயிற்சிக்குக் கூப்பிடுகிற மெயிலுக்கும் ஒரு மாதிரி செய்து வைத்தேன். "அன்புள்ள பெயர் அவர்களுக்கு" என்று போட்டு, பெயர் என்ற இடத்தில் அவரவர் பெயரை நிரப்பிக்கொள்ளலாம் என்று லதா அக்காவிடம் சொன்னேன். அக்கா நிரப்பாமல் அனுப்பிவிட்டார். செட்டிகுளத்துப் பொறுப்பாளர் ராமாயி பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தார். நான் உபசாரமாக உங்கள் பேர் சொல்லுங்கள், வருகையில் குறித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போனை என் முன்னால் நீட்டிச் சொன்னார்: "எங்கப்பா ஆசையா ராமாயின்னு வெச்சாரு, நீங்க 'பெயர்'னு மாத்திட்டீங்க. பரவால்ல, ரேஷன் கார்டுல மட்டும் மாத்திடாதீங்க."

செவலை

பட்டன் அமுக்கி அனுப்பினால் மட்டும் பிரச்சினை தீராது. வந்த மெயிலுக்கு எல்லோருக்குமாகப் பதில் போடுகிற பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அரியலூர்ப் பொறுப்பாளர்களுக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலையில் விதை வந்திருக்கும் செய்தியை அவர்களுக்கு அனுப்பினேன். கங்கைகொண்ட சோழபுரத்துப் பொறுப்பாளர் சின்னதுரை அண்ணன் அதற்குப் பதில் போட்டார். "விதை அப்பறம் வாங்கிக்கறேன். நம்ம செவலை மாட்டக் காணும். நேத்து சாயங்காலம் கயித்த அறுத்துட்டுப் போனது. நெறமாச சென. வலது கொம்பு மொக்கை. யாரு கண்ணுலயாவது பட்டா சொல்லுங்க." எல்லோருக்கும் போய்விட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிஷமே பதில் வர ஆரம்பித்தது. ஒருவர் ஜெயங்கொண்டம் ரோட்டில் காலையில் ஒரு மாட்டைப் பார்த்ததாக எழுதினார். இன்னொருவர் அது வெள்ளை மாடு, தன்னுடையது என்று எழுதினார். அடுத்தவர் மொக்கைக் கொம்பு மாடு ஒன்று தன் கடலைக் கொல்லையில் மேய்ந்துவிட்டுப் போனதாகவும் திட்டக்கூட நேரம் தரவில்லை என்றும் எழுதினார். நானும் லதா அக்காவும் எல்லா வேலையையும் போட்டுவிட்டுத் திரை முன் உட்கார்ந்துவிட்டோம். தலைவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு மெயிலிலும் மாடு ஒரு ஊர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் திடீரென்று, "இத எங்கேருந்து வாங்குன?" என்று சின்னதுரை அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டார். போன மாசம் வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வாங்கியதாம். "அது அங்கதான்டா போகுது" என்றார் தலைவர். நான் உடனே ஆரோக்கியசாமி அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

செவலை தன் பழைய கொட்டகைக்குப் பக்கத்து முந்திரித் தோப்பில் நின்றுகொண்டிருந்தது. காலடியில் ஈரம் காயாத கன்றுக்குட்டி. ஆரோக்கியசாமி அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினார். அதையும் எல்லோருக்குமாகத்தான் அனுப்பினார். நான் அந்தக் கன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் தலைவர் தன் செலவில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தார். சாயங்காலம் சின்னதுரை அண்ணன் குட்டியானை வண்டியில் மாட்டையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார். அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. சொன்னது இவ்வளவுதான்: "எல்லாருக்கும் போட்டுட்டேன்னு கோச்சுக்காதம்மா. 'மாட்டக் காணும்'னு அதுல ஒரு பட்டன் வெச்சிடு, அடுத்த தடவ மொறையா போடறேன்."

வெயிலில் தார்ப்பாய்

மழை எச்சரிக்கைக்கும் ஒரு பட்டன் வைத்து, அந்தப் பக்கத்தைப் பொறுப்பாளர்கள் போனிலும் குடோன் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. பட்டன் வருவதற்கு முந்தைய வருஷம் பெரம்பலூர்ப் பொறுப்பாளர்களுக்குப் போக வேண்டிய மழை எச்சரிக்கை பெரம்பலூர் வியாபாரிகளுக்குப் போய்விட்டது. அவர்களில் சிலர், தங்கள் ஊரில் மழை இல்லை, விசாரித்ததற்கு நன்றி என்று பதில் போட்டிருந்தார்கள். இங்கே ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த மக்காச்சோளம் முளைவிட்டது. ராமாயி வீட்டுச் சோளமும் அதில் போனது. அந்த வருஷம் அவர் மகளைக் காலேஜில் சேர்க்க முடியாமல் போனது எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் அறுவடை முடிந்து செட்டிகுளம் ரோட்டில் நெடுக மக்காச்சோளத்தைக் காயப் போட்டிருந்தார்கள். சோளத்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கருவியோடு நான் அங்கே போயிருந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ராமாயி சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். என் போன் சிணுங்கியது. ராமாயி போனும் அதே நொடியில் சிணுங்கியது. ரோட்டின் அந்தக் கோடியில் பக்கத்து ஊர்ப் பொறுப்பாளர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "பெரம்பலூர்ப் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு: மழை" என்று தலைப்பு. கீழே ஆரோக்கியசாமி அண்ணன் எழுதியிருந்தார். "இங்க கொட்டுது. கெழக்கேருந்து வருது. ஒங்க பக்கந்தான் நவுருது. சோளத்த மூடுங்க." எல்லோருக்குமாகப் பதில் போட்டு எங்களைப் பதற வைத்த அதே அண்ணன், அரியலூர் மாவட்டத்தில் நின்றுகொண்டு சரியான பட்டனை அமுக்கியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்துகிற வேலையை ராமாயி எடுத்துக்கொண்டார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோடு நெடுக ஓடினார். "தார்ப்பாய எடுங்க, கூட்டி ஒதுக்குங்க." பலர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மாணிக்கம் என்ற பெரியவர் குடையைக்கூட விரிக்காமல் சோளத்தின் மேலேயே உட்கார்ந்து, வெயிலுக்கா தார்ப்பாய் என்று கேட்டார். ராமாயி அந்தப் பெரியவருடைய சோளத்தையும் சேர்த்துக் குவிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கருவியைப் பையில் போட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துச் சோளத்தைத் தள்ளினேன். பக்கத்து ஊரிலும் அதே ஓட்டம் தெரிந்தது. கடைசித் தார்ப்பாயின் மேல் கல்லைத் தூக்கி வைத்தபோது காற்று மாறியது. மண் வாசனை முதலில் வந்தது. அப்புறம் ரோட்டின் கோடியிலிருந்து மழை நடந்து வருவதைக் கண்ணாலேயே பார்த்தோம்.

எல்லோரும் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். தார்ப்பாய்கள் மேல் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அடியில் சோளம் பத்திரமாக இருந்தது. ராமாயி நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பத்திரமாக மடியில் வைத்தார். மாணிக்கம் ஐயா தலையைத் துவட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஒங்க மெயில விடும்மா. இந்த மழைக்கு யாரு எங்க ஊரு அட்ரஸக் குடுத்தாங்க, அதச் சொல்லு."

இப்போது எங்கள் கம்பெனி மெயில் எல்லாம் போக வேண்டிய ஆளுக்கே போய்ச் சேருகிறது. போய்ச் சேர்ந்ததைத் திறந்து படிக்க வைக்கிற பட்டனைத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.